நெடுந்தீவு அருகே

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருமுனைப் பேக்கரிக்கு ஒரு தமிழ்ப் பேப்பர் வரும். காலை ஏழு மணிக்குப் போனால் பை டூ காபியும் பேப்பரும் கிடைக்கும். ஏழரைக்குப் போனால் காபி மட்டும்தான். இருபது வருடமாக அந்தப் பேப்பரில் என் கண்ணில் அடிக்கடி பட்ட ஊர்ப்பெயர்களில் நெடுந்தீவு ஒன்று. அது தனியாக வராது. "நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த ராமேஸ்வரம் மீனவர்கள் கைது, விசைப்படகுகள் பறிமுதல்" என்று எப்போதும் ஒரு 'அருகே'யைக் கையில் பிடித்துக்கொண்டே வரும். அந்தத் தீவில் மனிதர்கள் இருக்கிறார்களா, அவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள், காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

என் மருமகனோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பேச்சுவாக்கில், "நெடுந்தீவில காட்டுக்குதிரையள் நிக்குது அங்கிள், நூற்றுக்கணக்கில" என்றான். குதிரை என்றதும் எனக்கு ரசம் ஊற்றிய கை அப்படியே நின்றது.

அதற்குக் காரணம் உண்டு. என் தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்தது குதிரைக்குப் புல் வெட்ட. 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படையை இறக்கினார்கள். கன்டோன்மென்டைக் கன்னடத்தில் இன்றும் 'தண்டு' என்றே சொல்வார்கள். அதன் பின்னாலேயே சமையல்காரர், சலவைக்காரர், காண்ட்ராக்டர், கூலி என்று தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், ஹலசூர்ப் பக்கம் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருப்பதற்கு அதுதான் ஆதி. குதிரைப்படையில் ஒரு குதிரைக்கு ஒரு சிப்பாய் மட்டும் போதாது. தேய்த்துவிட ஒரு குதிரைக்காரன் வேண்டும். அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை உதறிக் கட்டுக்கட்டிக்கொண்டு வர ஒரு புல்லுக்காரன் வேண்டும். எங்கள் கொள்ளுத்தாத்தா புல்லுக்காரர். அவர் வைத்திருந்த செதுக்கி துருப்பிடித்து எங்கள் பரணில் ரொம்ப நாள் கிடந்தது. இன்றைய காமராஜ் ரோட்டுக்கு அப்போது கேவல்ரி ரோடு என்று பெயர். பாட்டி சாகும்வரை அதைக் 'கவேலி ரோடு' என்றுதான் சொன்னாள்.

"குதிரை பார்க்கணும்னா ரேஸ் கோர்ஸ் ரோட்டுல நின்னா ஆகாதா?" என்றாள் மனைவி. ஆகாதுதான். ரேஸ் குதிரைக்கு முதலாளி இருக்கிறார்.

டிக்கெட் போட்டுத் தர ஒரு டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று ஐந்து நாள் பேக்கேஜை என் தலையில் கட்டப் பார்த்தார். "நெடுந்தீவா? அங்க ஒண்ணும் இல்ல சார், வெறும் கல்லு." போய் வந்த பிறகு சொல்கிறேன், அவர் சொன்னது முக்கால்வாசி சரி. நான் போனது அந்தக் கல்லைப் பார்க்கத்தான்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இரவு ரயிலேறினால் விடியற்காலை சென்னை. அங்கிருந்து பலாலிக்குச் சின்ன விமானம். பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குள் கீழே பனந்தோப்பு தெரிகிறது. 2019-இல் அந்த விமான நிலையம் மறுபடி திறக்கும்வரை, யாழ்ப்பாணம் போக நாம் கொழும்புக்குப் பறந்து, மறுபடி வடக்கே ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. கண்ணுக்கெதிரே உள்ள வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போன கதை.

மறுநாள் அதிகாலை யாழ்ப்பாணத்தில் பஸ் பிடித்தேன். பண்ணைப் பாலம் தாண்டியதும் இருபுறமும் ஆழமில்லாத கடல். முழங்காலளவுத் தண்ணீரில் ஆட்கள் நின்று வலை பார்க்கிறார்கள். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை. அதற்குப் பிறகு ஒரு நீண்ட தாம்போதி. கடலின் குறுக்கே போட்ட சாலையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அது புங்குடுதீவில் கொண்டுபோய் விடுகிறது. புங்குடுதீவில் வரிசையாகக் கல்வீடுகள். பாதிக்கு மேல் கூரையில்லை. திண்ணையில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள் டொராண்டோவிலும் பாரிஸிலும் சுவிஸிலும். ஊர்க்கோயில்கள் மட்டும் புதுவண்ணத்தில் பளபளக்கின்றன, வெளிநாட்டுப் பணத்தில்.

தீவின் கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு இங்கிருந்துதான். நயினாதீவுப் படகுக்குத்தான் கூட்டம். நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகும் தமிழரும் நாக விகாரைக்குப் போகும் சிங்களவரும் ஒரே படகில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். நெடுந்தீவு வரிசையில் நின்றவர்கள் ஊர்க்காரர்கள். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி, ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு வாத்தியார்கள், நான்.

மாசி கடைசி. வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் பிடிப்பதற்கு இடையில் கடல் சட்டியில் வைத்த எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. அப்படியிருந்தும் டீசல் புகையில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா தன் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நீட்டினார். "இதை மணந்து பாருங்கோ, சுகமாயிருக்கும். ஐயா இந்தியாவோ?"

"ஆமாம்மா, பெங்களூர்."

"அங்கையும் தமிழ்ச் சனம் இருக்கோ?"

இருநூறு வருடமாக இருக்கிறோம் என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சீனி பார்த்துவிட்டுத் திரும்புகிறாராம். மூன்று பிள்ளைகள் கனடாவில், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "போய் என்ன செய்யிறது? அங்க கிணத்தடி இல்லை." கொஞ்ச நேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே, கடலைக் காட்டினார். "குமுதினியை மறிச்சது இந்தப் பக்கம்தான்."

குமுதினி என்பது இந்தத் தடத்தில் ஓடிய பயணிகள் படகின் பெயர். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். தப்பியவர்கள் இலங்கைக் கடற்படையைக் கைகாட்டினார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. படகைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள், தீவுக்கு வேறு வழி இல்லாததால். அந்த அம்மா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தேசிக்காயைத் திருப்பிக் கொடுத்தேன், வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் மாவலித்துறை. படகிலிருந்து இறங்கியதும் குமுதினியில் செத்தவர்களுக்கான நினைவுத்தூபியைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். வருகிற போகிற ஒவ்வொருவரும் அதைக் கடக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவர்களும் உண்டு. மூட்டை சுமந்துகொண்டு அப்படியே போகிறவர்களும் உண்டு.

ஓட்டோக்காரத் தம்பி ஒருவரோடு பேசி முடித்தேன். மூன்று மணிப் படகுக்குள் தீவைச் சுற்றிக் காட்டுவதாக ஒப்பந்தம். தீவு சுமார் ஐம்பது சதுர கிலோமீட்டர், முட்டை வடிவம். சுற்றிலும் எங்கே கைநீட்டினாலும் முருகைக்கல். கடல் செத்து, உறைந்து, மேலே வந்து கிடக்கும் கல். மண் என்பது அதன் மேல் பூசின மாவு மாதிரி மெல்லிசு. வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் அந்தக் கல்லை அடுக்கியே மதில் எழுப்பியிருக்கிறார்கள். இடுப்பு உயரம், சில இடத்தில் மார்பு உயரம். கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் மதில் வழியாகக் காற்றும் வெளிச்சமும் அந்தப் பக்கத்து ஆட்டுக்குட்டியின் மூக்கும் தெரிகின்றன. யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் கதியாலும் பனையோலையும். இங்கே கல்தான் வேலி. ஓட்டோவில் போகப் போக இருபுறமும் சாம்பல் நிறத்தில் மைல்கணக்காக அந்த வேலி கூடவே ஓடிவருகிறது. இதை ஒருவர் தனியாகக் கட்டியிருக்க முடியாது. எந்த ராஜாவும் கட்டச் சொல்லியிருக்கவும் முடியாது. தோட்டத்தில் மண் தெரிய வேண்டுமானால் கல்லைப் பொறுக்கித்தான் ஆக வேண்டும். பொறுக்கியதை எங்கே போடுவது? எல்லையில் அடுக்கியிருக்கிறார்கள்.

கோட்டை துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போர்த்துக்கீசர் எழுப்பியது, ஒல்லாந்தர் கைக்கு வந்தது என்பார்கள். ஊரில் அதை மீகாமன் கோட்டை என்றும் சொல்லக் கேட்டேன். இரண்டு மாடிக் கட்டடம். கூரை எப்போதோ போயிருக்கிறது. கையகல முருகைக்கல்லைச் சுண்ணாம்பில் குழைத்துக் கட்டிய சுவர், ஒரு ஆள் படுக்கும் அளவு தடிமன். மழையில் சுண்ணாம்பு கரைந்து, கல்லுக்குள் இருந்த கடல்பூச்சி வீடுகளெல்லாம் திறந்துகொண்டிருக்கின்றன. சுவரே தேன்கூடு மாதிரி இருக்கிறது. உள்ளே ஆடு படுத்திருந்தது. வேலூர்க் கோட்டையும் தரங்கம்பாடியும் பார்த்த கண்ணுக்கு இது ஒரு கோட்டையே அல்ல, பெரிய தாலுகா ஆபீஸ் அளவுதான். ஆனாலும் மாடிச் சுவரின் ஓட்டை வழியாகக் கடலைப் பார்த்தபோது, காவலுக்கு நின்றவன் எவ்வளவு அலுத்துப்போயிருப்பான் என்று தோன்றியது.

ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு ராட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். அவற்றில் பல, அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதல் போட்ட ஊர்கள். பங்குதாரர் பெயரைக் கடைப் பலகையில் எழுதின மாதிரிதான். மற்றப் பெயர்களெல்லாம் உதிர்ந்துவிட்டன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கில வரைபடத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு முன் போர்த்துக்கீசர் இதைப் பசுக்களின் தீவு என்று அழைத்தார்கள். பசு இப்போதும் உண்டு, நிறைய. ஊர்க்காரர்கள் எதைப் பற்றியும் கவலைப்படாமல் நெடுந்தீவு என்றே சொல்கிறார்கள். எங்கள் காக்ஸ் டவுன் காகிதத்தில் சர்வஞ்ஞ நகர், ஃப்ரேஸர் டவுன் காகிதத்தில் புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் புலிகேசி நகர் போக வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், "எங்க, ஃப்ரேஸர் டவுனா?" என்பார். பெயர் விஷயத்தில் சர்க்காரை நாக்கு மதிப்பதில்லை.

ஆஸ்பத்திரிப் பக்கம் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு. கடுதாசி கொண்டுபோகும் புறாக்களை வளர்த்த கல்மாடம் அது. சுவரில் வரிசை வரிசையாகப் பொந்துகள். அழகாக இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. ராட்சதன் காலடி என்று பாறையில் ஒரு பள்ளத்தைக் காட்டினார்கள். அனுமான் என்றும் சொல்கிறார்கள், ஆதாம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு அது கடல் அரித்த பள்ளமாகத்தான் தெரிந்தது. 'வளரும் கல்' ஒன்றும் உண்டு. நான் இருந்த நேரத்தில் வளரவில்லை.

அதற்குப் பிறகு ஓட்டோ தெற்கே திரும்பியது. வீடு நின்றது, பனை நின்றது, கல்வேலியும் நின்றுபோனது. தரவை தொடங்கியது.

தரவை என்ற சொல்லை நான் அங்கேதான் முதலில் கேட்டேன். உழாத, உழவும் முடியாத, கடலோரத்துத் திறந்த புல்நிலம். காடு என்று சொல்ல மரம் இல்லை. பாலைவனம் என்று சொல்ல மணல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளோடிய குட்டைப்புல், இடையிடையே முருகைக்கல் தலைகாட்டும் வழுக்கைகள், காற்றடிக்கும் பக்கமெல்லாம் முதுகு வளைந்த முட்பற்றைகள். எருக்கு பூத்திருந்தது. கடலை நெருங்க நெருங்க அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். மேலே வானம் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிது. நிழல் என்று பார்த்தால் ஓட்டோவின் நிழல் ஒன்றுதான். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இந்த மாதிரிக் கடலோரப் புதர்வெளிகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். அங்கே ஊதா நிறத்தில் பூக்குமாம். இங்கே நிறமெல்லாம் வெயில் தின்றுவிட்டது. ஆனால் வாசனை உண்டு: உப்பு, காய்ந்த புல், சாணி.

"இதுக்குப் பிறகு சத்தம் போடாதேங்கோ ஐயா" என்றார் தம்பி. வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தோம். முதலில் விட்டை. பிறகு முள்ளில் மாட்டியிருந்த வால்மயிர். பிறகு, ஒரு வற்றிய குட்டையின் ஓரத்தில், ஏழு குதிரைகள்.

சின்னக் குதிரைகள், ஊரில் மட்டக்குதிரை என்பார்கள். செம்மண் நிறத்தில் நான்கு, கறுப்போடிய பழுப்பில் மூன்று. வயிறு பெருத்து விலா தெரிந்தது. பிடரியில் நெருஞ்சியும் சடையும். ஒரு குட்டி தாயின் பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு நின்றது. எங்களைப் பார்த்தன, ஓடவில்லை. பெரியது ஒன்று மட்டும் இரண்டடி முன்னால் வந்து, குட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றது. பிறகு தலையைக் குனிந்து மேயத் தொடங்கிவிட்டது. நான் எதிர்பார்த்து வந்தது சினிமாவில் வருவது போலப் பிடரி பறக்க ஓடும் குதிரையை. இவை எங்கள் தெருவில் பேரம் பேசும் பெண்களைப் போல, மும்முரமாக, தலைநிமிராமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இவற்றின் முன்னோர்களைப் போர்த்துக்கீசர் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒல்லாந்தர் பண்ணையாக்கி வளர்த்தார்கள். கடலே வேலி என்பதால் குதிரைப் பண்ணைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆங்கிலேயர் வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எட்வர்ட் நோலன் என்ற அயர்லாந்துக்கார லெப்டினன்ட் இந்தத் தீவை ஆண்டார். ஆண்டார் என்றே சொல்ல வேண்டும். ஏறத்தாழ ராஜா மாதிரிதான் இருந்தாராம். குதிரை வளர்ப்பும் அவர் கையில்தான். எங்கள் ஊரில் தண்டு இறங்கின காலமும் அதுவே. இங்கே ஒரு வெள்ளைக்காரன் குதிரை, அங்கே ஒரு வெள்ளைக்காரன் குதிரை. பிறகு வளர்ப்புக் கட்டுப்படியாகாமல் கைவிட்டார்கள். லாயம் இருந்த இடத்தில் முருகைக்கல் தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. கூரை இல்லை, கட்டுத்தறி இல்லை. குதிரைகள் தரவைக்குப் போய்விட்டன. ஐந்நூறு என்பவர்கள் உண்டு, ஆயிரம் என்பவர்களும் உண்டு.

"இதெல்லாம் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டேன்.

"ஆற்றையும் இல்லை ஐயா. ஆரும் பிடிக்கிறேல்லை, ஏறுறேல்லை. தன்ர பாட்டுக்குப் பிறக்குதுகள், சாகுதுகள்."

சாவது வெயிலில். ஆடி ஆவணியில் குட்டைகள் வற்றிவிடும். கீழே முருகைக்கல் என்பதால் மழைநீர் தங்காது. கொஞ்சம் தோண்டினால் உப்புத்தான். ஊருக்குள் நல்ல தண்ணீர்க் கிணறுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சாராப்பிட்டியில் உள்ள பழைய கிணறுகள்தான் பேர்பெற்றவை. வறட்சியில் குதிரைகள் கூட்டங்கூட்டமாகத் தாகத்தில் செத்த வருடங்கள் உண்டு. தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார்கள்; மனிதனுக்கே தண்ணீர் எண்ணிக் கொடுக்கும் ஊரில் அது எவ்வளவு காலம் ஓடும்? 2015-இல் இந்தத் தரவையில் 1,846 ஹெக்டேரைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அறிவிப்பால் புல் முளைக்காது. ஆனால் நிலத்தை வளைத்து ஹோட்டல் கட்ட நினைப்பவர்களைக் கொஞ்சம் யோசிக்கவைக்கும். அந்த மட்டில் நல்லது.

குதிரைகள் நகர்ந்த பிறகு அவை மேய்ந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து புல்லைத் தடவிப் பார்த்தேன். அறுகுதான், வேறு சில புல்லும் கலந்து. நாவிதர் மெஷின் போட்ட மாதிரி தரையோடு தரையாக மேய்ந்திருந்தன. செதுக்கியை வைத்தாலும் ஒரு கைப்பிடி தேறாது. எங்கள் கொள்ளுத்தாத்தா இந்தத் தரவைக்கு வந்திருந்தால் ஒரு நாள் கூலிகூட வாங்கியிருக்க முடியாது. தம்பி நான் என்னவோ செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப உங்கட ஆக்களும் குதிரையோடதான் வந்தவையோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

திரும்பும் வழியில் பெருக்கமரம். ராமநாதபுரம் பக்கம் இதைப் பப்பரப்புளி என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அரபு வியாபாரிகள் நட்டது என்றே பலரும் சொல்கிறார்கள். குட்டை, தடிமன், யானைக்காலில் மரம் முளைத்த மாதிரி. அடியில் ஒரு பொந்து. குனிந்து நுழைந்தால் உள்ளே நாலைந்து பேர் நிற்கலாம். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. நம் கர்நாடகத்திலும் சாவனூரில் ஒரு மடத்தில் மூன்று பெருக்கமரங்கள் நிற்கின்றன. மடத்தின் பெயரே தொட்டஹுணசே, அதாவது பெரிய புளி. தெரியாத மரத்துக்கு ராமநாதபுரத்திலும் சாவனூரிலும் தெரிந்த புளியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சாவனூர் மரத்தைச் சுற்றிப் பூஜை நடக்கிறது. நெடுந்தீவு மரத்தின் உடம்பெல்லாம் காதலர் பெயர்கள். கத்தியால் கீறியிருக்கிறார்கள். தமிழில், சிங்களத்தில், இங்கிலீஷில். இந்த ஒன்றில் மட்டும் மூன்று மொழிக்கும் சம உரிமை.

மேற்கே வெடியரசன் கோட்டை என்ற பெயரில் கற்குவியல். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலில் வந்தான், இந்தத் தீவை ஆண்ட வெடியரசன் அவனை மறித்துச் சண்டையிட்டான் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழங்கதை வழங்குகிறது. பூம்புகாரில் தொடங்கும் கதைக்கு இங்கே ஒரு கிளை. பக்கத்திலேயே முருகைக்கல்லில் எழுப்பிய பௌத்தத் தூபிகளின் அடிப்பாகம். இவற்றைக் கட்டினவன் தமிழனா சிங்களவனா என்று இப்போது சண்டை. மணிமேகலையைப் படித்த நமக்குத் தமிழனும் பௌத்தனாக இருந்திருக்கிறான் என்பது புதிதல்ல. ஆனால் பலகை எழுதும் இடத்தில் மணிமேகலையைக் கேட்பவர் யார்? எனக்கு அங்கே அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை. வெயிலும் ஒரு காரணம்.

துறைக்கு வந்தபோது படகுக்கு இன்னும் அரைமணி இருந்தது. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். பிளேன்டீயும் ஒரு துண்டு பனங்கட்டியும். பக்கத்து பெஞ்சில் இரண்டு மீனவர்கள் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் இந்தியா என்று தெரிந்ததும் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, சலிப்பு இருந்தது.

"உங்கட ஆக்கள் கிழமைக்கு மூண்டு நாள் வருவினம் ஐயா. இரவில லைட்டுகள் வரிசையா ஒரு பட்டணம் மாதிரித் தெரியும். விடியப் போனா எங்கட வலை இராது."

இழுவைமடியைத்தான் சொல்கிறார். கடலடித் தரையையே சுரண்டிக்கொண்டு போகும் மடி. குஞ்சு, முட்டை, பாசி, முருகைக்கல் எல்லாம் அதில் வந்துவிடும். இலங்கையில் 2017-இல் சட்டம் போட்டு அதைத் தடைசெய்துவிட்டார்கள். நம் பக்கத்தில் அது இல்லாமல் விசைப்படகுத் தொழில் இல்லை என்ற நிலை. போர் நடந்த வருடங்களில் நெடுந்தீவுக்காரர் கடலில் இறங்கவே முடியவில்லை. அப்போது இந்தக் கடல் முழுக்க நம் படகுகளுக்குத்தான். போர் முடிந்து அவர்கள் வலையை எடுத்துக்கொண்டு இறங்கினால், வலையை அறுப்பது ராமேஸ்வரம் படகு. பிடிப்பது கடற்படை. ஜெயிலுக்குப் போவது படகு முதலாளி அல்ல, கூலிக்கு ஏறின தங்கச்சிமடத்துப் பையன். இதில் யார் பக்கம் நிற்பது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும், அது சுகமான பதில் இல்லை: மடியைப் பொறுத்தவரை நெடுந்தீவுக்காரர் சொல்வதே நியாயம். அந்தப் பையனைப் பொறுத்தவரை கடற்படை சுட்டதும் அடித்ததும் அநியாயம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பேப்பரை நான் பெங்களூரில் பார்த்ததில்லை.

"ராமேஸ்வரம் இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணம் எவ்வளவு தூரமோ அதைவிடக் கொஞ்சம் கூட" என்றார். "முந்தி எங்கட ஆக்கள் சாமான் வாங்க அங்கைதான் வள்ளத்தில போறவை. படம் பார்த்திட்டு வந்தவையும் உண்டு." கச்சதீவும் நிர்வாகத்தில் நெடுந்தீவோடு சேர்ந்ததுதான். வருடா வருடம் அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரையும் அங்கே கூடும். அந்தத் திருவிழாவில் இவருடைய மாமா ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரிடம் சேலை வாங்கியிருக்கிறார். வலை அறுந்த கதையையும் அங்கேதான் இரண்டு தரப்பும் முகத்துக்கு நேரே பேசிக்கொள்கிறார்களாம். பேச்சு தனிநாயகம் அடிகள் பக்கமும் திரும்பியது. தமிழ்நாட்டிலும் சரி, பெங்களூரிலும் சரி, அவரை உலகத் தமிழ் மாநாட்டோடு சேர்த்துத்தான் நாம் அறிவோம். அவருடைய தகப்பனாருக்கு ஊர் நெடுந்தீவு என்பதை இந்தக் கடையில், வலை பொத்துகிறவர் வாயால்தான் நான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மணிப் படகு சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. காலையில் அந்த அம்மா தந்த தேசிக்காய் என் சட்டைப்பையில் வாடிப்போய் இருந்தது. இந்த முறை தேவைப்படவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனி நல்ல மாதங்கள். காலைப் படகைப் பிடியுங்கள். மாலைப் படகை விட்டால் மறுநாள்தான். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், தீவுக்காரர்களின் தண்ணீரில் கைவைக்காதீர்கள். குதிரைக்குப் பிஸ்கட் போடாதீர்கள். கல்வேலியிலிருந்து ஒரு கல்லைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்துவராதீர்கள். பெருக்கமரத்தில் பெயர் எழுதுவதானால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டதாக யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஜீவனஹள்ளிக்கு வந்த மூன்றாம் நாள் ஏழு மணிக்கே பேக்கரிக்குப் போய்விட்டேன். நாலாம் பக்கத்தில் இருந்தது: நெடுந்தீவு அருகே, மீனவர்கள் கைது. எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை படகு என்று எல்லாம் போட்டிருந்தார்கள். அன்று இரவு யாருடைய வலை அறுந்தது என்று போடவில்லை.